ரேடியோ வீட்டுக்குப் போகும் வழி

மூன்று வருடங்களாக நான் ஒரு பெண்ணிடம் காதல் வசனம் பேசிவந்தேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. முட்டிவலி உண்டு. பேசியதெல்லாம் ஆண் பிள்ளை பேசவேண்டிய வசனம். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எங்கள் தொழிலில் காதல் அப்படித்தான் நடக்கிறது.

வானத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றுகிற வீரனின் கதை அது, தொலைக்காட்சித் தொடர். கதையில் அவனுக்கு நீளமாக ஒரு பட்டம் உண்டு. படப்பிடிப்பில் எங்கள் எல்லோருக்கும் அவன் வெறும் 'பறக்கிறவன்'. நான் அங்கே கன்டினியூட்டி பார்ப்பவள். போன காட்சியில் கோப்பை இடது கையில் இருந்தால் இந்தக் காட்சியிலும் இடது கையில்தான் இருக்கிறதா, நெற்றியில் விழுந்த முடி அதே பக்கம் விழுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால் ஊருக்கே தெரியும்.

பறக்கிறவனுக்கு ஒரு காதலி வேண்டுமே. அவளை ஒரு கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டார்கள். "இடது பக்கம் திரும்புங்க, பாலம் இடியப் போகுது, ஜாக்கிரதை" என்று சொல்வதுதான் அவளுக்கு வேலை. லைட் போடுகிற பையன்கள் அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. நிஜத்தில் அவள் முப்பதைத் தாண்டிய, நாடக மேடையில் நன்றாகத் தேறிய நடிகை. வந்த முதல் நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

பார்க்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவளும் பறக்கிறவனாக நடிக்கிற தம்பியும் ஒரே நாளில் படப்பிடிப்புக்கு வருவதே கிடையாது. அவர் வேறொரு கூடத்தில், பச்சைத் துணிக்கு முன்னால் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பார். அவர் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் இவள் பக்கத்துப் பேச்சை முதலில் எடுத்துவிடுவோம். இவள் எந்த வார்த்தைக்கு எத்தனை நேரம் விட்டுப் பதில் சொன்னாளோ, அதற்குப் பொருந்துகிற மாதிரி அவர் பக்கத்தைப் பிறகு எடுப்போம். இவள் யாரிடம் பேசுவது? கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, பறக்கிறவனின் வசனத்தை யாராவது படித்துக்காட்ட வேண்டும். அந்தப் புண்ணியம் எனக்கு வாய்த்தது.

படிக்கிறவர் நடிக்கக்கூடாது என்பது சட்டம். நம் உணர்ச்சி எதிரில் இருப்பவரைக் கெடுத்துவிடும். ஆகவே ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரலில் படிப்பேன். "நீ இல்லாமல் என் சிறகுக்கு வானம் இல்லை." அதைக் கேட்டு அவள் கண் கலங்குவாள். ரசிகர்கள் உருகிப்போவார்கள், அவள் பார்வையில் காதல் வழிகிறதாம். அந்தப் பார்வை மூன்று வருடமாக விழுந்தது என் நரைத்த தலைமேல்தான்.

டீ இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். மற்ற நடிகர்கள் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இவள் கேட்பாள். "நேத்து பஸ் கிடைச்சுதாக்கா?" "உங்க லிஃப்ட்டைச் சரி பண்ணாங்களா?" "முட்டிக்கு அந்த எண்ணெய் தேய்ச்சீங்களா?" நானும் வாய்க்கு வந்தபடி புலம்புவேன். என் புலம்பலை என் வீட்டுக்காரரே முழுதாகக் கேட்டதில்லை.

அவள் கேட்டும் பலிக்காத இடம் ஒன்று உண்டு என்றால் அது கதைக் குழு. ஒவ்வொரு பாகம் தொடங்கும்போதும் கேட்டாள். கிடைக்கவில்லை.

"சார், இவ எங்க இருக்கா? வீடு எங்க? யாரோட இருக்கா? ஒரே ஒரு சீன் குடுங்க. இவ வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற மாதிரி."

கதைக் குழுவின் தலைவரை எல்லோரும் 'தலை' என்போம். கெட்ட மனிதர் அல்ல. களைத்த மனிதர். சேனலுக்கும் எங்களுக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர். "அடுத்த பாகத்துல கண்டிப்பா வைக்கறேம்மா" என்பார். அடுத்த பாகத்தில் அவளைக் கடத்திக்கொண்டு போவார்கள். அதற்கடுத்ததில் அவளுக்குப் பறக்கிறவனின் ரகசியம் தெரியவரும், கோபித்துக்கொள்வாள், மன்னிப்பாள். இந்த மாதிரிக் கதைகளில் காதலிக்கு மொத்தமே மூன்று வேலைதான். கடத்தப்பட வேண்டும், ரகசியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது என்ன என்பது எனக்குத் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது.

மூன்றாவது பாகத்தின் கடைசிக் காட்சிக்குக் காகிதம் வந்தபோது தெரிந்துவிட்டது. எதிரி கட்டுப்பாட்டு அறைக்குத் தீ வைக்கிறான். ஊரின் மறுபக்கத்தில் அணை உடைகிறது. பறக்கிறவன் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். ரேடியோ கதவுக்கு ஓடுகிறாள், கதவு திறக்கவில்லை. மைக்குக்குத் திரும்பி வந்து, "என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க, ஊரைக் காப்பாத்துங்க" என்கிறாள். பிறகு மைக்கில் வெறும் இரைச்சல். அடுத்த பாகம் முழுக்க அவனுக்குக் கோபம் வேண்டும், அந்தக் கோபத்துக்கு ஒரு பிணம் வேண்டும். கறிவேப்பிலை என்று சும்மாவா சொன்னார்கள், வாசத்துக்குப் போடுவது, சாப்பிடும்போது எடுத்து ஓரம் வைப்பது.

நான் தலையிடம் கேட்டேன். "ஏன் சார், உயிரோட இருந்தா என்ன குறைஞ்சுபோயிடும்?"

"ரெண்டு பேரையும் சேத்து வெச்சா கதை முடிஞ்சிடும்மா. பிரிச்சு வெச்சா ஜனங்களுக்கு அலுத்துடும். செத்துட்டா ரெண்டும் இல்ல. மூணு பாகத்துக்குத் தாங்கும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அந்தப் பொண்ணைப் பிடிக்கும். என்னை என்ன செய்யச் சொல்றே?"

அதே வாரம் இன்னொரு கூத்து. செட் போடுகிற மேஸ்திரி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கதவுன்னு போட்டிருக்கு. எந்தக் கதவு?"

இயக்குநர், "இருக்கற கதவுதான்" என்றார்.

"இல்லையே சார்."

எல்லோரும் அறையைப் பார்த்தோம். மூன்று சுவர். ஒன்றில் திரைகள், ஒன்றில் அலமாரி, ஒன்றில் வரைபடம். நாலாவது பக்கம் கேமரா. கதவு இல்லை. அவள் அந்த அறைக்குள் வருவதாகவோ வெளியே போவதாகவோ யாரும் ஒரு காட்சி எழுதவில்லை, கடத்தியதைக்கூட நடுரோட்டில்தான் வைத்தார்கள். எழுதாததால் மேஸ்திரி கதவு வைக்கவில்லை. வைக்காததை நானும் கவனிக்கவில்லை. ஒரு பேனா இடம் மாறினால் கத்துகிறவள், மூன்று வருடமாக ஒருத்தியைக் கதவில்லாத அறையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

"அலமாரியை எடுத்துட்டு அங்க ஒண்ணு வைங்க" என்றார் இயக்குநர். "திறக்க வேண்டாம். திறக்காத கதவுதான் வேணும்."

ரேடியோ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"கதவு இல்லைன்னு எனக்கு முதல் பாகத்துலயே தெரியும்க்கா" என்றாள் பிறகு, டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "சொன்னா வேலைக்கு வந்தவ வம்பு பண்றான்னு நினைப்பாங்க. இப்ப சாகறதுக்குன்னதும் கதவு வந்துடுச்சு பாருங்க."

டீயை ஒரு வாய் குடித்தாள்.

"வேலை போறது பரவாயில்லக்கா. வேற கிடைக்கும். மூணு வருஷமா இவளைச் சுமக்கறேன், இவ யாருன்னு எனக்கே தெரியாது. கடையில, ரோட்டுல என்னைப் பார்த்தா ஜனங்க கேக்கறதெல்லாம் அவரைப் பத்தித்தான். யாருன்னே தெரியாத ஒருத்தியா சாகறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அன்று அவள் கடைசியாக ஒருமுறை தலையிடம் போனாள். நானும் பக்கத்தில் இருந்தேன். சாவதற்கு முன் ஒரே ஒரு காட்சி, வீட்டுக்குப் போகிற மாதிரி. நீளம்கூட வேண்டாம்.

"இடமில்லம்மா. ஆனா ஒண்ணு செய்யலாம். அடுத்த பாகத்துல அவன் உன்னை நினைச்சுப் பார்ப்பான். வெள்ளை டிரஸ் போட்டு, கடற்கரையில நடக்கற மாதிரி. அழகா எடுப்பாங்க."

"அது அவரோட கனவு சார்" என்றாள் மெதுவாக. "அவர் கனவுல எனக்கு வீடு இருக்காது."

தலை அடுத்த காகிதத்தைப் புரட்டினார். கிணற்றில் போட்ட கல்தான்.

படப்பிடிப்பு நாள் வந்தது. செட்டை நிஜமாகவே எரிக்கப் போகிறார்கள். சுவருக்குப் பின்னால் கேஸ் குழாய், மூலைக்கு ஒருவர் தீயணைப்புக் கருவியோடு. அவளுக்கும் நெருப்புக்கும் நடுவில் போதுமான இடம் விட்டிருந்தார்கள். எரிந்தால் எரிந்ததுதான், மறுபடி எடுக்க அறை இருக்காது. ஆகவே இரண்டு கேமராவையும் அவள் முகத்துக்கே வைத்தார் இயக்குநர். ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில். "என்ன ஆனாலும் நிறுத்த மாட்டேன். யாரும் இருமாதீங்க" என்று சொல்லிவைத்தார்.

நான் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். காகிதம் மடியில்.

தீ எழுந்தது. அவள் எழுந்து கதவுக்கு ஓடினாள். தட்டினாள், தோளால் இடித்தாள். மேஸ்திரி வேலை சுத்தம், கதவு அசையவில்லை. அவள் திரும்பி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கம்போல ஹெட்ஃபோனின் இடது பக்கத்தை விரலால் தொட்டுச் சரிசெய்தாள். என்னைப் பார்த்தாள்.

படித்தேன். "தாக்குப்பிடி. நான் வந்துகொண்டிருக்கிறேன்."

"வரக்கூடாது. அணைக்குப் போங்க."

காகிதத்தில் எனக்கு அடுத்த வரி, "நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?" என்பது. வாயைத் திறந்தேன். வரவில்லை. ஒருத்தி எரிந்துகொண்டிருக்கிறாள், இந்தப் பயல் தான் எப்படி இருப்பேன் என்று கேட்கிறான். மூன்று வருடமாக இந்தக் கேள்வியைத்தானே விதவிதமாக இவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஆத்திரம் வந்தது. அதே டோக்கன் குரலில், காகிதத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"நீ தினமும் வீட்டுக்கு எப்படிப் போவே?"

நிறுத்தச் சொல்ல இயக்குநரின் கை மேலே போனது. நெருப்பு அலமாரி இருந்த சுவரைப் பிடித்துவிட்டது. அந்தக் கை அப்படியே நின்றது.

ரேடியோ ஒரு நொடி திகைத்தாள். பிறகு அவள் முகத்தில் இதுவரை நான் பார்க்காத ஒரு நிதானம் வந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள், வேலை முடிந்த ஆள் உட்காருகிற மாதிரி.

"ரெண்டு பஸ் மாறணும்" என்றாள். "முதல் பஸ்ல எப்பவும் இடம் இருக்காது. ரெண்டாவதுல ஜன்னல் ஓரம் கிடைக்கும். மருந்துக்கடைகிட்ட இறங்கி நடக்கணும். மூணாவது மாடி. லிஃப்ட் ஓடாது, ஓடின நாளே இல்ல. ரெண்டாவது மாடியில நின்னு கொஞ்சம் மூச்சு வாங்கிப்பேன். படியெல்லாம் இருட்டா இருக்கும். ஆனா அங்க நின்னு மேல பார்த்தா வெளிச்சம் தெரியும். மேஜை விளக்கைத் தூக்கிட்டு வந்து வாசல்ல, செருப்பு வைக்கற தட்டு மேல வெச்சிருப்பாங்க. யாருன்னு கேக்காதீங்க. எனக்காக வெச்சது."

என் பேனா கீழே விழுந்தது. அது என் வீட்டு மாடிப்படி. அந்த விளக்கை வைப்பது என் வீட்டுக்காரர். எப்போதோ ஒரு டீ இடைவேளையில், படியில் பல்பு போடாத குடியிருப்போர் சங்கத்தைத் திட்டும்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது எனக்கே நினைவில்லை. அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, தனக்கு வீடு வேண்டிவந்தபோது எடுத்துக்கொண்டாள்.

"விளக்கைப் பார்த்துட்டா அப்புறம் முட்டி வலிக்காது" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு. அதற்குமேல் அவள் தொழில் தெரிந்தவள். மைக்கை அருகில் இழுத்தாள். "என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஊரைக் காப்பாத்துங்க." எழுதியபடியே சொன்னாள். எழுதியபடியே இரைச்சல் போட்டார்கள்.

தீயை அணைத்தார்கள். இயக்குநர் என்னிடம் வந்து, "உங்களுக்கு என்ன ஆச்சும்மா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

தலை கேட்டார். கத்தவே செய்தார். வெட்டிவிடலாம் என்றார்கள், முடியவில்லை. இரண்டு கேமராவிலும் அவள் முகம்தான் இருக்கிறது, அந்த முகம் பேசிக்கொண்டிருக்கிறது. அறை சாம்பல். வீட்டைப் பற்றிப் பேசுவதை எடுத்தால் கதவிலிருந்து நேரே கடைசி வரிக்குத் தாவ வேண்டும், சாவே ஒட்டாது. அவள் பதில் சொன்னது சொன்னதுதான். இனிப் பறக்கிறவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். எங்கள் வேலை முறையே அப்படி, இவளுக்குப் பொருந்துகிற மாதிரி அவர். அந்த ஒரு வழக்கம் அவளுக்குச் சாதகமாக வேலை செய்தது அந்த ஒரு தடவைதான்.

குரல் பதிவுக்குப் பறக்கிறவனாக நடிக்கிற தம்பி வந்தபோது, எத்தனை நேரம் விட்டுக் கேட்க வேண்டும் என்று சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திரையில் அவளைப் பார்த்தார். முதல் தடவை தொண்டை அடைக்கக் கேட்டார். இரண்டாவது தடவை கர்ஜித்தார். சரிவரவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது ஏங்க்கா கடைசியில வருது? இவன் இவளை முதல் நாளே கேட்டிருக்கணுமே."

"கேக்கலையே தம்பி."

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா."

"அவங்க நிஜமா எங்க இருக்காங்கன்னு எனக்கும் தெரியாதுக்கா" என்றார். பிறகு மாட்டிக்கொண்டு, எந்த அலங்காரமும் இல்லாமல், வெட்கப்பட்ட குரலில் கேட்டார். "நீ தினமும் வீட்டுக்கு எப்படிப் போவே?" அதைத்தான் வைத்தார்கள்.

அடுத்த பாகத்துக்கு நான் இல்லை. வேறு ஆள் போட்டுவிட்டோம் என்று தயாரிப்பு நிர்வாகி போனில் சொன்னார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள், புகார் சொல்ல என்ன இருக்கிறது? வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இருபது வருடத் தொழிலில் என்னை வெளியே நிறுத்தியது அதுதான் முதல்முறை. ரேடியோ போன் செய்தாள். "உங்க வீட்டை எடுத்துக்கிட்டேன்க்கா, கேக்காம" என்றாள். "எடுத்துக்கோ" என்றேன்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொடர் ஓடும்போது பக்கத்தில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு, "இவனுக்கு டிக்கெட் செலவே கிடையாது" என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பவர். எனக்கு வேலை போனதை அவரிடம் சொல்லியிருந்தேன். ஏன் போனது என்று சொல்லவில்லை.

அவள் பேசத் தொடங்கினாள். ரெண்டு பஸ் என்றதும் செய்தித்தாள் இறங்கியது. மருந்துக்கடை என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜை விளக்கு, செருப்புத் தட்டு, "எனக்காக வெச்சது" என்று அவள் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். இரைச்சல் வந்து திரை இருண்டது. பெயர்கள் ஓடின.

"அது நம்ம விளக்குதானே?" என்றார்.

"ஆமா."

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"சொல்லியிருக்கேன் போல."

"நான் வைக்கறதை நீ பார்க்கறேன்னே எனக்குத் தெரியாது" என்றார். "ஒரு நாளும் சொன்னதில்லையே."

உண்மைதான். ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, அவரிடம் சொன்னதில்லை. அவர் முழங்கையைத் தொட்டேன்.

அவர் எழுந்து போய் மேஜை விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார். வயரைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவைத் திறந்து, தட்டில் இருந்த செருப்புகளை ஓரம் தள்ளி, விளக்கை வைத்து, பிளக்கைச் செருகிப் போட்டார். வெளிச்சம் படியில் இறங்கியது.

"நான்தான் வீட்டுல இருக்கேனே" என்றேன்.

"தெரியும்" என்றார். "அந்தப் பொண்ணு இன்னும் வந்து சேரலையே."

விளக்கை அன்று அணைக்கவில்லை.